வெந்தது வேறு, காய்ந்தது வேறு: நாய் பிஸ்கட் சுடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் நாய்க்காக முதல்முறையாக பிஸ்கட் சுட்டு, டப்பாவில் போட்டு என்னிடம் காட்ட எடுத்து வந்தாள். டப்பா கைக்கு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மூடியைத் திறந்து திருப்பினேன். உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். "நல்லாத்தானே வெந்திருக்கு அக்கா?" என்றாள். வெந்திருந்தது உண்மைதான். எட்டு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே தவறைத்தான் செய்தேன். அதற்குப் பிறகு சுடப் பழகுகிறவர்கள் ஒவ்வொருவரும் இதையே செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகாது என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

காயாத பிஸ்கட்டை மூடி வைப்பது

நமக்காகச் சுடும் பிஸ்கட்டில் சர்க்கரை நிறைய இருக்கும். அந்தச் சர்க்கரை ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சை சுலபமாக வளராது. நாய் பிஸ்கட்டில் சர்க்கரையும் கிடையாது, உப்பும் கிடையாது. கெடாமல் காப்பாற்ற ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: உள்வரை காய்ந்திருப்பது. மனிதர்களுக்கான பிஸ்கட் சுட்டுப் பழகிய கை இதைக் கவனிப்பதே இல்லை. மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 300 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் வேகவைத்து மசித்த பூசணி, ஒரு முட்டை. பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, சுமார் 550 கிராம் மாவு உருண்டைக்குள் 220 கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அது வெளியேறியிருந்தால் பிஸ்கட் எல்லாம் சேர்த்து 330 கிராம் பக்கம் வர வேண்டும். அரை மணி நேரத்தில் எடுத்த ஒரு ஈட்டை நிறுத்துப் பார்த்தபோது 430 காட்டியது. நூறு கிராம் தண்ணீர் உள்ளேயே இருந்தது! தொட்டால் மேல்தோல் கல் மாதிரி, உடைத்தால் நடுவில் கருமையாக ஓர் ஈரக்கோடு.

அந்த ஈரம் அங்கேயே நிற்காது. டப்பாவை மூடியதும் நடுவிலிருந்து மெல்ல வெளியே பரவும். இரண்டு நாளில் மொறுமொறுப்பு போய் பிஸ்கட் நமுத்துவிடும். அப்புறம் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

எட்டு வருடங்களுக்கு முன்னால் நான் அப்படிக் காயாத பிஸ்கட்டை ஒரு ஜாடி நிறைய நிரப்பி என் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ஐந்தாம் நாள் இரவு போன் வந்தது. நாய் வாந்தி எடுக்கிறது, நிற்க முடியாமல் கால்கள் நடுங்குகின்றன என்றாள். கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "புதிதாக என்ன சாப்பிட்டது?" ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் இருந்தவற்றில் சாம்பல் பச்சையாகப் பூத்திருந்தது. மேலாக இருந்தவை பார்வைக்குச் சுத்தமாக இருந்ததால் அக்காவுக்குத் தெரியவில்லை. சில பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு நாய்களின் நரம்பைத் தாக்கி நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து நாய் பிழைத்தது. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை.

இன்றும் எனக்குக் கோபம் வருவது எதற்குத் தெரியுமா? பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டு, மறுபடி ஓவனில் சூடாக்கிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது. கண்ணுக்குத் தெரிகிற பச்சை மேலாகப் பூத்தது மட்டும்தான். அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். சூட்டில் பூஞ்சை சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு போகாது. ஒரு துண்டில் கண்டாலும் அந்த டப்பாவில் இருப்பது மொத்தமும் குப்பைக்குத்தான். குப்பைத் தொட்டியையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, எப்படிக் காய வைப்பது? மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு, எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயுங்கள். முள்கரண்டியால் குத்திவிட்டால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். 175 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு சூட்டை 95 டிகிரிக்குக் குறைத்து, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் விடுங்கள். இடையில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். தட்டை அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று நம்புவேன். ஓவனை அணைத்த பிறகு இரவு முழுக்க உள்ளேயே கிடக்கட்டும். காலையில் இருப்பதிலேயே தடிமனான ஒன்றை எடுத்து ஒடியுங்கள். 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

வயதான நாய், பல் இல்லாத நாய் என்றால் மெத்தென்று இருப்பதைத்தான் கொடுக்க முடியும். கொடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கானதை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

சூட்டோடு டப்பாவில் போடுவது

கம்பித் தட்டில் பரப்பி, முழுவதும் ஆறிய பிறகு.

பீனட் பட்டரை அப்படியே நம்புவது

'சர்க்கரை இல்லை' என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். அங்கேதான் ஆபத்து. சில வகைகளில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்திருப்பார்கள். மனிதர்களுக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. நாயின் உடலிலோ இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியலாம். அளவு கூடினால் கல்லீரலும் செயலிழக்கும். 'பிர்ச் சர்க்கரை' என்றோ 'இ967' என்றோ அச்சிட்டிருந்தாலும் அது இதேதான். வறுத்த வேர்க்கடலையை நீங்களே அரைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

வாசனைக்கு ஒரு சிட்டிகை பூண்டுத் தூள்

வேண்டாம்.

பச்சை இறைச்சியை நேராகக் குறைந்த சூட்டில் உலர்த்துவது

காய வைப்பது பற்றி மேலே சொன்னதை அரைகுறையாகக் கேட்டவர்கள் செய்வது இது. கோழித்துண்டை 60 டிகிரியில் மணிக்கணக்காக வைத்தால் காய்ந்துவிடும், ஆனால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாமல் தங்கிவிடக்கூடும். இறைச்சியின் உள்சூடு முதலில் 74 டிகிரியைத் தொட வேண்டும். அதற்குப் பிறகுதான் உலர்த்தும் வேலை.

நாய்க்கு ஏற்ற அளவில் வெட்டாதது

தின்பண்டத்திலிருந்து போகும் கலோரி ஒரு நாளைய தேவையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். அப்படியென்றால் பிஸ்கட்டுக்கு 60 தான். ஒரு மேசைக்கரண்டி பீனட் பட்டரிலேயே 90-க்கு மேல் இருக்கிறது! எலும்பு வடிவ அச்சு படத்துக்கு அழகாக இருக்கும். நாய்க்கு அந்த வடிவம் பொருட்டே இல்லை, எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் சந்தோஷம். பழக்குவதற்கென்றால் பட்டாணி அளவு போதும். கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டால் காய்வதும் சீக்கிரம்.

ஈரலை அள்ளிப் போடுவது

வாசனைக்கு மட்டும். தினமும் அதிகமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி எலும்பைக் கெடுக்கும்.

புதுப் பொருட்களை ஒரே ஈட்டில் கொட்டுவது

நாய் சொறிய ஆரம்பித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவைக்கு ஒரு புதுப் பொருள். முதல் நாள் பாதித் துண்டு.

தேதி எழுதாமல் வைப்பது

சுட்ட நாளையும் என்னென்ன சேர்த்தீர்கள் என்பதையும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். வேறு வீட்டுக்குக் கொடுக்கும் டப்பாவில் கட்டாயம் எழுதுங்கள். அன்று அக்கா கையில் அந்தச் சீட்டு இருந்திருந்தால் மருத்துவரிடம் அதையே நீட்டியிருப்பாள்.