பேய்களின் குணம் மாறாமல் பேக்-மேனை மேசையில் ஆட

பேக்-மேன் ஒரு வீடியோ ஆட்டம்: அதே பெயருள்ள மஞ்சள் உருவம், துரத்தும் நான்கு பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் ஓடிப் பொட்டுகளைத் தின்னவேண்டும். அதைத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மேசையில் வைத்து ஆடவேண்டும் என்ற ஆசையில் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்றாவதுதான் தேறியது. அதைச் செய்யும் முறை இது.

முதல் இரண்டிலும் பேய்களை ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்திருந்தேன். நான்கு பேர் கூடிப் பேசி வளைத்தால் பேக்-மேன் பத்து நகர்வுகூடத் தாங்கவில்லை. 1980இல் நாம்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்துக்காக இதை உருவாக்கிய தோரு இவதானி, நான்கு பேய்களுக்கும் நான்கு விதமான புத்தி வைத்தார். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆகவே பேய்களை ஆள் நகர்த்தக் கூடாது, விதி நகர்த்தவேண்டும். நீங்கள் ஆடுவது பேக்-மேனை மட்டும்.

முதலில் பலகை. அசலில் 28 கட்டம் அகலம், 31 கட்டம் உயரம். அதை ஏறக்குறைய பாதியாக்கி 13க்கு 14 என்று வரையுங்கள். ஒரு கட்டம் 2 செ.மீ. இரண்டு ஏ4 தாள்களைப் படுக்கைவாட்டில் வைத்து, தாளுக்கு ஏழு வரிசை அச்சிட்டால், ஒட்டும் இடம் கட்டக் கோட்டிலேயே விழும். நடுவே பேய்க்கூடு, இருபக்கமும் சுரங்க வாசல் (ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம்), நான்கு மூலையருகே பெரிய பொட்டுகள். இவை இல்லாவிட்டால் அது பேக்-மேனே இல்லை. சுவர்களை உங்கள் விருப்பம்போல் போடலாம், ஆனால் முட்டுச்சந்து ஒன்றுகூட வேண்டாம். அசலிலும் கிடையாது.

இனி பேய்களின் அட்டைகள். பலகை பாதியானதால் தூரங்களையும் பாதியாக்கினேன். ஒவ்வொரு அட்டையிலும் அந்தப் பேயின் இலக்கை எழுதுங்கள்.

சிவப்பு பிளிங்கிக்கு இலக்கு பேக்-மேன் நிற்கும் கட்டம். இளஞ்சிவப்பு பிங்கிக்கு, பேக்-மேன் பார்க்கும் திசையில் இரண்டு கட்டம் முன்னால். பேக்-மேன் மேலே பார்த்தால் மட்டும், இரண்டு மேலே போய் இடப்பக்கமும் இரண்டு. அசல் நிரலில் இருந்த பிழை அது, எனக்கு அதுவும் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு கிளைட், பேக்-மேன் நான்கு கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், கிட்டே வந்துவிட்டால் இடது கீழ்மூலைக்கு ஓடும். நீல நிற இங்கிதான் கொஞ்சம் சிக்கல். பேக்-மேனுக்கு ஒரு கட்டம் முன்னால் விரல் வையுங்கள். பிளிங்கியிலிருந்து அந்த விரல் வரை வலப்பக்கம் 3, மேலே 2 என்றால், விரலிலிருந்து இன்னொரு 3, இன்னொரு 2 போங்கள். அதுதான் இலக்கு. பலகைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை.

சந்திப்பு வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது? இதற்குக் கணக்கு போட்டுப் போட்டு அலுத்துப்போய், கடைசியில் ஒரு முழ நூலை எடுத்தேன். வந்த வழியை விட்டுவிட்டு, திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக் கட்டத்திலிருந்தும் இலக்கு வரை நூலைப் பிடியுங்கள். எது குட்டையோ அந்தப் பக்கம். சமமாக வந்தால் மேல், இடம், கீழ், வலம் என்ற வரிசையில் முந்துவது. தம்பிக்கு இரண்டு சுற்றிலேயே கண்ணளவு பழகிவிட்டது, சந்தேகம் வந்தால்தான் நூலைத் தொட்டான்.

ஒரு சுற்றில் பேய்களுக்கு மூன்று கட்டம். பேக்-மேனுக்கு பொட்டு தின்னும் பாதையில் மூன்று, காலிப் பாதையில் நான்கு. அசலிலும் தின்னும்போது அவன் வேகம் குறையும். முதல் இரண்டு சுற்று பேய்கள் அவரவர் மூலைக்குப் போகும்: பிளிங்கி வலது மேல், பிங்கி இடது மேல், இங்கி வலது கீழ், கிளைட் இடது கீழ். அடுத்த ஆறு சுற்று துரத்தல். பிறகு மறுபடி மூலை. மாறும் ஒவ்வொரு முறையும் பேய்கள் வந்த வழியே திரும்பவேண்டும்.

பகடை வேண்டியது ஒரே இடத்தில். பெரிய பொட்டைத் தின்று பேய்கள் மிரளும்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்குப் பகடை போடுங்கள். நான் மிரட்சியை நான்கு சுற்றுக்கு வைத்திருக்கிறேன். மதிப்பெண் அசலில் உள்ளதுதான்: பொட்டுக்கு 10, பெரிய பொட்டுக்கு 50, மிரண்ட பேய்களைப் பேக்-மேன் தின்றால் வரிசையாக 200, 400, 800, 1600.

அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். இதைக் கவனிக்காமல் என் முதல் பலகையின் இரண்டு பாதிகளும் இரண்டு அளவில் வந்து, பாதைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தாளின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, கறுப்பு வெள்ளையில் ஒரு படி எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே வண்ணத்துக்குப் போங்கள்.

பலகைக்கு 2 மி.மீ. கெட்டி அட்டை போதும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கிவிடும், பசைக்குச்சிதான் நல்லது. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். வெட்டும்போது இரும்பு அளவுகோலோடு கத்தியை லேசாக ஏழெட்டு முறை இழுங்கள். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்த்தால் கத்தி வழுக்கி விரலுக்கு வரும்.

பொட்டுகளைத் தனித்தனி வில்லையாக வெட்டவேண்டாம். பலகைமேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, தின்ற பொட்டுகளை வெள்ளைப்பலகைப் பேனாவால் அடித்துக்கொண்டே போகலாம். ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைத்தால் அடுத்த ஆட்டத்துக்குத் தயார்.

பெயரும் உருவங்களும் நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால் படங்களை நானே வரைந்தேன், யாருக்கும் விற்கவில்லை. நீங்களும் வீட்டு மேசையோடு வைத்துக்கொள்ளுங்கள்.