ஆமணக்கெண்ணெய்க் கடலில் ஓர் இறங்குதுறைத் தூண்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் என் வீட்டுக்கு ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். இறங்குதுறைத் தூண் ஒன்றைச் சுற்றிக் கடல்நீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணித்துப் பார்த்திருந்தார். "அண்ணா, கன்வர்ஜ் ஆகிட்டுது, விடை மாறாம நிண்டிட்டுது. ஆனா தூணுக்குப் பின்னால சுழல் ஒண்டும் கழருதில்லை." கோப்பைத் திறக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இதே பிழையில் இரண்டு கிழமை தொலைத்தவன் நான். மெஷ் (நீரைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வலை) கரடுமுரடு, காலப்படி (ஒரு கணிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) பெரிது என்பதை யாரும் சொல்லித் தருவார்கள், விடுவோம்.

மியூவின் இடத்தில் நியூ

தண்ணீரின் பிசுக்குமை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, 0.001 என்று எல்லாருக்கும் மனப்பாடம். அது மியூ, பாஸ்கல் செக்கனில். தம்பி பாவித்த ஓட்டக் கணிப்பு மென்பொருளான ஓப்பன்ஃபோமில் அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கான சொல்வர்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) கேட்பதோ நியூ: மியூவை அடர்த்தியால் வகுத்தது. தண்ணீருக்கு அது செக்கனுக்கு 0.000001 சதுர மீற்றர். மூன்று பூச்சியத்தை விட்டுவிட்டால், கடலில் நிற்கும் தூண் 20 பாகை வெப்பநிலையில் உள்ள ஆமணக்கெண்ணெயில் நிற்கும்.

தம்பியின் தூண் 30 சென்ரிமீற்றர் விட்டம், நீரோட்டம் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர். ரெனோல்ட்ஸ் எண் (வேகத்தை விட்டத்தால் பெருக்கி நியூவால் வகுத்தது) 30,000ஐத் தாண்ட வேண்டும். அவருக்கு வெறும் 30. சுழல் கழர ஏறத்தாழ 47 ஆவது வேண்டும். அதற்குக் கீழே இரண்டு சுழல்கள் தூணின் முதுகில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். உண்மையில் 15 செக்கனுக்கு ஒரு தரமாவது அங்கே ஓட்டம் இடமும் வலமுமாக ஆட வேண்டும்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்: மென்பொருள் வாயே திறக்காது. அலகு சரி, எண் மட்டும்தானே பிழை. ஓட்டம் பிசுக்காக இருப்பதால் ரெசிடுவல்கள் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழைகள்) வழுக்கிக்கொண்டு இறங்கும். சரியான எண்ணைப் போட்டால்தான் தகராறு தொடங்கும். அதனால் பெடியள் பிழையையே நம்புவார்கள். நானும் நம்பினேன், அந்த வடிவான படத்தை அச்செடுத்துச் சுவரில்கூட ஒட்டினேன். ஓடவிட முன் ரெனோல்ட்ஸ் எண்ணைக் கடதாசியில் போடுங்கள். அரை நிமிட வேலை.

20 பாகைக் கடல்

அட்டவணை மதிப்புகள் பெரும்பாலும் 20 பாகைக்கு. திருகோணமலைக் கடல் 30ஐ ஒட்டியே நிற்கும். அந்தப் பத்துப் பாகையில் நன்னீரின் அடர்த்தி கால் வீதம்தான் குறையும். பிசுக்குமையோ 20 வீதம். எல்லாரும் அடர்த்தியைத்தான் திருத்துகிறார்கள்!

கொட்டியாரக் குடாவுக்கு ஒரே அடர்த்தி

மகாவலி ஆறு கடலில் விழும் குடா இது: ஆற்றுத் தண்ணீர் மேலே, உப்புநீர் கீழே. அடர்த்தியை மாறிலியாகப் போட்டால் இந்த அடுக்கே இல்லை.

அழுத்தம்

அடர்த்தி மாறாத அந்தச் சொல்வர்கள் தரும் அழுத்தம் பாஸ்கலில் அல்ல, அடர்த்தியால் வகுத்தது. பாஸ்கல் வேண்டுமென்றால் அடர்த்தியால் பெருக்குங்கள்.