வீட்டு இணையத்தில் டிஎன்எஸ் மாற்றலாமா? சிங்கப்பூரில் தொடங்குவோருக்கான செய்முறை

‘ரவுட்டரில் 1.1.1.1 என்று போடுங்கள், இணையம் பறக்கும்’ என்று பலர் சொல்வார்கள். பறக்காது. டிஎன்எஸ் செய்வது ஒரே வேலை: நீங்கள் தட்டும் இணையத்தளப் பெயருக்கு உரிய ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அந்தத் தளத்தின் முகவரி எண்ணை, தேடித் தருவது. எண் கிடைத்தபின் காணொளி எந்த வேகத்தில் இறங்கும் என்பதை உங்கள் சந்தாவும் வைஃபையும்தான் முடிவுசெய்கின்றன.

பெரிய நாடுகளில் டிஎன்எஸ் மாற்றத்தால் கொஞ்சம் வேகம் தெரியலாம். சிங்கப்பூரில் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரும் இதே தீவில்தான் இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் (1.1.1.1), கூகுள் (8.8.8.8) போன்ற நிறுவனங்கள் யாருக்கும் தரும் பொது டிஎன்எஸ் சர்வர்களும் இங்கேயே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சில மில்லிசெகண்டு வித்தியாசம்தான். ஒருமுறை தேடிய பெயரைக் கருவி சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த வித்தியாசமும் ஒவ்வொரு முறையும் வராது. வேகத்துக்காக மட்டும் மாற்ற நினைத்தால் விட்டுவிடுங்கள்.

மாற்றுவதற்குச் சரியான காரணங்கள் வேறு.

எதற்காக மாற்றலாம்

முதலாவது, தடங்கல். 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் இல்ல இணையம் முடங்கியபோது, தனது டிஎன்எஸ் சர்வர்கள்மீது நடந்த தாக்குதலே காரணம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. 2020 ஏப்ரல் 15 அன்று, கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில், எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த ஸ்டார்ஹப் தடங்கலுக்கும் டிஎன்எஸ் கோளாறே காரணமாகச் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் ஃபைபர் கம்பி நன்றாகவே இருக்கும். பெயரை எண்ணாக்கித் தர ஆள் இருக்காது. வேறு டிஎன்எஸ் வைத்திருப்பவருக்கு இணையம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இது இரு பக்கமும் வெட்டும். 2025 ஜூலை 15 அன்று, சிங்கப்பூர் நேரப்படி காலை 5.52 முதல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் 1.1.1.1 உலகெங்கும் செயலிழந்தது. அன்று சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிலேயே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1.1.1.1, 1.0.0.1 இரண்டையும் மட்டும் போட்டிருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின, ஏனென்றால் இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை.

இரண்டாவது, அந்தரங்கம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரவுட்டரில் எண்ணை மாற்றினால் மட்டும் உங்கள் கேள்விகள் மறைவதில்லை. பழைய முறை டிஎன்எஸ் கேள்விகள் போர்ட் 53 (போர்ட் என்பது இணைப்பு நுழையும் வாசல் எண்) வழியாக, எந்தப் பூட்டும் இல்லாமல் போகின்றன. அவை உங்கள் சேவை நிறுவனத்தின் வலையைக் கடந்துதான் 8.8.8.8-ஐ அடைய வேண்டும். நடுவில் இருப்பவர் படிக்கலாம். மறைக்க வேண்டுமென்றால் குறியாக்கம் செய்த, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டிய, டிஎன்எஸ் தேவை. அதில் இரண்டு வகை. டிஎல்எஸ் வழி டிஎன்எஸ் போர்ட் 853-ஐப் பயன்படுத்துகிறது, எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் போர்ட் 443-ஐப் பயன்படுத்துகிறது. அதன் பிறகும் நீங்கள் எந்த ஐபி எண்ணோடு பேசுகிறீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். பெரும்பாலான தளங்களுக்கு இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயரும் வெளியே தெரிகிறது. இதை விபிஎன்னுக்கு (உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) மாற்றாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். உங்கள் கேள்விகள் அத்தனையும் இப்போது வேறொரு நிறுவனத்திடம் போகின்றன. கிளவுட்ஃபிளேர் பதிவுகளை 25 மணி நேரத்துக்குள் அழிப்பதாகச் சொல்கிறது. கூகுள் முழு ஐபி முகவரி உள்ள தற்காலிகப் பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் அழிப்பதாகச் சொல்கிறது. 9.9.9.9 என்ற டிஎன்எஸ்ஸைத் தரும் குவாட்9 சுவிட்சர்லாந்தில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு. பயனரின் ஐபி முகவரியைச் சேமிப்பதில்லை என்கிறது. யாரை நம்புவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, வடிகட்டல். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இதுவே வலுவான காரணம் என்பது எங்கள் கருத்து. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டி வங்கிக் கணக்கைப் பறிகொடுப்பது இங்கே அடிக்கடி கேள்விப்படும் செய்தி. குவாட்9-இன் 9.9.9.9-உம் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2-உம் தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களுக்கு எண் தர மறுத்துவிடும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 அதோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும். வெறும் 1.1.1.1-உம் 8.8.8.8-உம் இந்த வடிகட்டலைச் செய்வதில்லை.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். மோசடித் தளங்களை முடக்கும்படி அதிகாரிகள் சொல்லும்போது இணையச் சேவை நிறுவனங்கள் முடக்குகின்றன. ஒரு தளத்துக்கான தடை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் போடப்பட்டிருந்தால், நீங்கள் டிஎன்எஸ்ஸை மாற்றியதும் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகும். அதனால் வயதான பெற்றோரோ பிள்ளைகளோ பயன்படுத்தும் வீட்டில் 1.1.1.1 போடாதீர்கள், மாற்றுவதென்றால் வடிகட்டும் டிஎன்எஸ்ஸுக்கே மாறுங்கள். இன்று காலை பதிவுசெய்யப்பட்ட மோசடித் தளத்தை எந்த வடிகட்டியும் உடனே அறியாது. சந்தேகம் வந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைப்பதே நல்லது. டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் சட்டம் மாறிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அலுவலக மடிக்கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். நிறுவனத்துக்குள் மட்டும் தெரியும் பெயர்களை வெளி டிஎன்எஸ் அறியாது. விபிஎன் இணைந்தும் உள் தளங்கள் திறக்காமல் போகும்.

முதலில் அளந்து பாருங்கள்

1. இணையம் வராத நேரத்தில், கீழே 2-இல் சொல்லும் பிங் கட்டளையை 1.1.1.1-க்குக் கொடுங்கள். அதற்குப் பதில் வந்து, தளங்கள் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில். பதிலும் வரவில்லை என்றால் கம்பியையும் ரவுட்டரையும் பாருங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றிப் பயனில்லை.

2. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டையோ மேக்கில் டெர்மினலையோ திறந்து, பிங் (ping) கட்டளையோடு ஒரு இடைவெளி விட்டு 1.1.1.1 கொடுங்கள். அந்த எண்ணுக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். 9.9.9.9, 8.8.8.8 இரண்டுக்கும் அப்படியே செய்யுங்கள். பத்து மில்லிசெகண்டுக்குள் வந்தால் உங்கள் கேள்விக்குச் சிங்கப்பூரிலேயே பதில் கிடைக்கிறது. 35 அல்லது அதற்குமேல் நிலையாக வந்தால் கேள்வி ஹாங்காங் போன்ற வேறு ஊருக்குப் போய்த் திரும்புகிறது. 170-க்கு மேல் என்றால் அமெரிக்காவரை போகிறது. அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காணொளித் தளங்கள் பலவும் டிஎன்எஸ் சர்வர் இருக்கும் இடத்தைப் பார்த்தே அருகிலுள்ள சர்வரைத் தருகின்றன. கேள்வி ஹாங்காங்கிலிருந்து போனால் காணொளியும் அங்கிருந்து வரக்கூடும். வைஃபையில் எண்கள் ஏறி இறங்கும் என்பதால் முடிந்தால் லேன் கம்பியில் அளவிடுங்கள்.

3. இப்போதுள்ள டிஎன்எஸ் அமைப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

கைப்பேசியில்

நேரே ரவுட்டரில் கை வைக்காமல் ஒரு கைப்பேசியில் தொடங்குங்கள். ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். வங்கிச் செயலி, சிங்பாஸ், காணொளி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் பாருங்கள். சாம்சங்கில் ‘கனெக்‌ஷன்ஸ்’, அதன்கீழ் ‘மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்’. இங்கே எண் போட்டால் ஏற்காது, பெயர்தான் வேண்டும். குவாட்9-க்கு: டிஎன்எஸ், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட். கூகுளுக்கு: டிஎன்எஸ், புள்ளி, கூகுள். கிளவுட்ஃபிளேருக்கு: ஒன் என்ற சொல் நான்கு முறை, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு புள்ளி. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். இது வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்தே வேலை செய்யும், குறியாக்கமும் உண்டு. டிஎன்எஸ் மாற்றும் வழிகளிலேயே இதுதான் எளிது, நல்லதும்கூட.

ஐஃபோனில் செட்டிங்ஸ், வைஃபை, உங்கள் வலையின் பக்கத்திலுள்ள ‘ஐ’ குறி, ‘கான்ஃபிகர் டிஎன்எஸ்’, ‘மேனுவல்’ என்று போங்கள். பழைய எண்களை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்து, மேலே ‘சேவ்’ தட்டுங்கள். தட்டாமல் வெளியேறினால் மாற்றம் பதியாது. இது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான், குறியாக்கமும் இல்லை. குறியாக்கம் வேண்டுமென்றால் குவாட்9 தரும் புரொஃபைலையோ கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 செயலியையோ நிறுவுங்கள். ஆப்பிளின் கட்டணச் சேவையான ஐகிளவுட் ‘பிரைவேட் ரிலே’ இயங்கிக்கொண்டிருந்தால், சஃபாரி நீங்கள் வைஃபை அமைப்பில் போட்ட டிஎன்எஸ்ஸைப் பொருட்படுத்தாது.

கணினியில்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, வைஃபை, ‘ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ்’. அங்கே ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ பக்கத்திலுள்ள ‘எடிட்’டை அழுத்தி ‘மேனுவல்’ தேர்ந்தெடுங்கள். ஐபிவி4-ஐ (நான்கு பகுதிகள் கொண்ட வழக்கமான ஐபி எண்) இயக்கி, முதல் பெட்டியில் 9.9.9.9, இரண்டாவதில் 149.112.112.112. ஒவ்வொன்றின் கீழும் ‘டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்’ என்ற தெரிவை ‘ஆன்’ ஆக்குங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், வைஃபை, ‘டீட்டெயில்ஸ்’, ‘டிஎன்எஸ்’.

உலாவிக்கு மட்டும் போதும் என்றால் குரோமில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘செக்யூரிட்டி’, ‘யூஸ் செக்யூர் டிஎன்எஸ்’.

ரவுட்டரில்

தொலைக்காட்சி முதல் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்தில் மாற்ற இதுவே வழி. முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். மெஷ் வகை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தருவது) என்றால் அதன் செயலியில். சேவை நிறுவனம் கொடுத்த சில ரவுட்டர்களில் டிஎன்எஸ் பெட்டி பூட்டப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்றுவதே வழி.

உள்ளே இரண்டு இடங்களில் டிஎன்எஸ் பெட்டி தென்படலாம். ‘வான்’ (WAN, ரவுட்டரின் வெளி இணைப்பு) பகுதியில் போட்டால் கருவிகள் ரவுட்டரைக் கேட்கும், ரவுட்டர் வெளியே கேட்கும். ‘லேன்’ (LAN, வீட்டு உள்வலை) அல்லது ‘டிஎச்சிபி’ (DHCP, கருவிகளுக்கு அமைப்பைத் தருவது) பகுதியில் போட்டால் கருவிகளே நேராக வெளியே கேட்கும். தொடங்குவோருக்கு வான் போதும். பெட்டியில் நீங்களோ சேவை நிறுவனமோ போடாத எண் ஏற்கெனவே இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ரவுட்டரில் புகுந்தவர்கள் செய்யும் காரியங்களில் அதுவும் ஒன்று. ஃபேக்டரி ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரைப் (ரவுட்டரின் உள் மென்பொருள்) புதுப்பியுங்கள்.

இரண்டாவது பெட்டியில் என்ன போடுவது? ‘முதலாவது செயலிழந்தால் மட்டும் இரண்டாவது’ என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாக் கருவிகளும் அப்படி நடப்பதில்லை. சில இரண்டையும் மாறிமாறிக் கேட்கும், சில முந்திப் பதில் தருவதை எடுத்துக்கொள்ளும். எனவே முதலில் 1.1.1.3, அடுத்து 8.8.8.8 என்று போட்டால் பிள்ளைகளுக்கான வடிகட்டி பாதி நேரம் ஓட்டையாகிவிடும். 1.1.1.3-க்குத் துணை 1.0.0.3. தீங்கான தளங்களை மட்டும் தடுக்க நினைப்பவர்கள் 9.9.9.9-உம் 1.1.1.2-உம் சேர்த்துப் போடலாம்: இரண்டும் வடிகட்டுபவை, நிறுவனங்கள் வேறு, ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும். எங்கள் பரிந்துரை இதுதான்.

ஐபிவி6-ஐ (ஐபி எண்ணின் புதிய, நீளமான வடிவம்) மறக்காதீர்கள். ஐபிவி4 பெட்டியை மட்டும் மாற்றினால், ரவுட்டர் சேவை நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ்ஸைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். கருவிகளும் அதையே கேட்கும். மாற்றியும் மாறவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இது. 1.1.1.2-க்கு ஐபிவி6 முகவரி 2606:4700:4700::1112, 1.1.1.3-க்கு 2606:4700:4700::1113.

சேமித்தபின் ரவுட்டரையும் கருவிகளையும் அணைத்துப் போடுங்கள். நினைவில் தங்கிய பழைய பதில்கள் அழிந்துவிடும்.

மாறிவிட்டதா என்று பார்க்க

குவாட்9 என்றால் உலாவியில் ஆன், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆம், இல்லை என்று நேரடியாகச் சொல்லும். இரண்டு நிறுவனங்களைக் கலந்து போட்டவர்களுக்கு விடை மாறிமாறி வரலாம், அது பிழையில்லை. கிளவுட்ஃபிளேர் என்றால் 1.1.1.1, சாய்கோடு, ஹெல்ப். அந்தப் பக்கத்தில் குறியாக்கம் உண்டா என்பதும், எந்த ஊர் சர்வர் என்பதும் தெரியும். ஊர்க் குறியீடு சாங்கி விமான நிலையத்தின் எஸ்ஐஎன் என்று இருக்க வேண்டும்.

மாற்றியபின் வரும் சிக்கல்கள்

வெளியே பொது வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராமல் போவது அடிக்கடி நடக்கும். ஹோட்டல், கடைத்தொகுதி போன்ற இடங்களில் அந்த வலையின் சொந்த டிஎன்எஸ்தான் உங்களை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் பெயர் போட்டு வைத்த பிரைவேட் டிஎன்எஸ் அதை ஏற்காது. ‘பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை’ என்ற அறிவிப்பு வரும். ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி உள்நுழைந்துவிட்டு, பிறகு பெயரைத் திரும்பப் போடுங்கள்.

சேவை நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டி ஓடாமல் போனால், அது நிறுவனத்தின் உள் பெயர்களைத் தேடுகிறது என்று பொருள். ரவுட்டரைத் ‘தானியங்கி’ நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பேசியிலும் கணினியிலும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நல்ல தளம் ஒன்று மட்டும் திறக்கவில்லையா? வைஃபையை அணைத்து, பிரைவேட் டிஎன்எஸ்ஸை ‘ஆஃப்’ செய்து, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். திறந்தால் வடிகட்டி தவறாகத் தடுத்திருக்கக்கூடும். குவாட்9, கிளவுட்ஃபிளேர் இரண்டுமே தவறான தடையைப் புகார் செய்யத் தங்கள் தளத்தில் படிவம் வைத்திருக்கின்றன. சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கும் முன் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். அவர்கள் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான். அதன்பிறகும் கோளாறு நீடித்தால் அது அவர்கள் பக்கம் என்று நீங்கள் உறுதியாகப் பேசலாம்.