கறள் நிறச் சைக்கிள் பிரேம்: லாக்கர் அடிக்க முதல் இதைப் படியுங்கள்

போன ஞாயிறு காலிமுகத்திடலில் ஒரு தம்பி தன் சைக்கிளைக் காட்டினான். குரோமொலிக் குழாயில் (குரோமியமும் மொலிப்டினமும் கொஞ்சம் சேர்த்த உருக்கு) சொல்லிச் செய்வித்த பிரேம், பெயிண்ட் இல்லை, முழுக்கச் செம்மண் நிறக் கறள், அதன்மேல் கிளியர் லாக்கர். தூரத்தில் நின்று பார்க்க உண்மையிலேயே அழகு. கிட்டப் போய்த் தடவினால் லாக்கருக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள். "வெள்ளவத்தைக் கடல் தண்ணி ஊத்தித்தான் கறள் எடுத்தனான் அண்ணா" என்றான். ஆறு வருஷத்துக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். கிறீஸைக் கழுவுவது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். வழக்கமாக விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

உப்பை உள்ளே வைத்து மூடுவது

கறள் சீக்கிரம் வர எல்லோரும் உப்பைத்தான் பிடிக்கிறார்கள். வினாகிரி, ஹைட்ரஜன் பெரொக்சைட், கொஞ்சம் உப்பு. கண் முன்னாலேயே இரும்பு செம்மஞ்சளாகும். நிறம் வந்ததும் வேலை முடிந்தது என்று லாக்கரை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் உப்பிலுள்ள குளோரைட் கறளின் நுண்துளைகளுக்குள், இரும்பை ஒட்டியே இருக்கும். கறள் உண்டாவதில் அது செலவாகித் தீர்வதில்லை. ஈரம் கிடைக்கும்போதெல்லாம் இரும்பை அரிக்கும், விடுபடும், மறுபடி அரிக்கும். லாக்கர் ஈரத்தை முழுதாக மறிக்காது. கறளோ தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும், அதனால் லாக்கர் மேலே எழும்புகிறது.

நான் ஒரேயொரு தரம் ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டு, ஒக்டோபர் மழைக்கு முதல் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் லாக்கர் அடித்தேன். அடுத்த மே மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது, டவுன் டியூப் (ஹாண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) முழுக்கக் கொப்புளம். சுரண்டிப் பார்த்தால் இரும்பில் குழி. நல்ல குழாய்களின் நடுப்பகுதி 0.5, 0.6 மில்லிமீட்டர் தடிப்புத்தான், அதில் குழி விழுந்தால் மிச்சம் என்ன இருக்கும்? குழாயை வெட்டி மாற்ற வேண்டி வந்தது. ஒரு பின்னேரம் கூடுதலாகக் கழுவியிருந்தால் அந்தக் குழாய் இன்றும் இருந்திருக்கும். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அப்பச்சோடாக் கரைசல் புளிப்பை முறிக்கும், உப்பை எடுக்காது. உப்புப் போக வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள், கடைசியாகப் பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். உடனே ஹெயார் டிரையரால் காய வையுங்கள். அப்புறம் ஒரு கிழமை சும்மா நிழலில் விடுங்கள். பழுப்பு நிறத்தில் வியர்த்தாலோ, புதிதாகச் செம்மஞ்சள் புள்ளி வந்தாலோ உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டியதுதான். நூதனசாலைகளில் பழைய இரும்பைப் பேணுபவர்கள் இதைத்தான் இரும்பு அழுகிறது என்பார்கள்.

கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வினாகிரியைத் தெளித்துத் தெளித்துக் காயவிட்டாலே கறள் வரும், நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

"கறளே இரும்பைக் காக்கும்" என்று நம்புவது

அது கோர்டென் என்ற, தன் கறளாலேயே தன்னைக் காக்கும் உருக்கின் கதை. செம்பு போன்றவை சேர்த்த அந்த உருக்கே கடற்கரையில் தடுமாறும். உங்கள் குழாய் அது இல்லை, பெயரில் குரோம் இருப்பதை நம்பாதீர்கள்.

ரஸ்ட் கன்வேர்ட்டர் பூசுவது

கறளை வேறு பொருளாக மாற்றும் அந்தத் திரவத்தைப் பூசினால் கறுப்பாகிவிடும். ஆசைப்பட்ட நிறம் போய்விடும்.

திரெட்டை மூடாமல் விடுவது

பொட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு பூட்டும் இடம்) திரெட்டுக்கும் ஹெட் டியூப் (முன் ஃபோர்க் நுழையும் குழாய்) வாய்க்கும், கறள் எடுக்க முதலே டேப் ஒட்டுங்கள்.

உட்புறத்தை மறப்பது

சீட் போஸ்ட் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் பொட்டம் பிராக்கெட்டில் போய்த் தேங்கும். கடையில் "பொயில்ட்" என்று விற்கும் லின்சீட் ஒயிலை (ஆளி விதை எண்ணெய், நீங்கள் கொதிக்க வைக்க வேண்டாம்) குழாய்களுக்குள் விட்டு, பிரேமைச் சுழற்றி, மிச்சத்தை வடியவிடுங்கள். வெளிப்புறத்துக்கும் நான் இப்போது லாக்கர் பாவிப்பதில்லை. இதே ஒயிலை மெல்லிதாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மெழுகு. அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்தான், ஆனால் எங்கேயாவது பிழை வந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்துத் திருத்தலாம்.

ஒயில் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஒயில் காயும்போது சூடு உண்டாகும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப் போடுங்கள்.