முதல் பாலேவை அமைக்கப் போகிறவர்களுக்கு: பாலன்சின் வேலை செய்த விதம்

நடனம் அமைக்க உட்காரும் பலரும் முதலில் கதையைத் தேடுகிறார்கள். கதை கிடைத்த பிறகு அதற்கு இசை, இசைக்கு ஸ்டெப், கடைசியில் ஆடுவதற்கு ஆட்கள். பாலே (ஐரோப்பியச் செவ்வியல் நடனம்) அமைப்பதில் பேர்போன ஜார்ஜ் பாலன்சின் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் இசை, அடுத்து அன்றைக்கு எதிரே நிற்பவர்கள், கதை வந்தால் வரட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இசையைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். பாலன்சின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 1904இல் பிறந்தவர், அப்பா இசையமைப்பாளர், பாலே பள்ளிப் படிப்போடு பியானோவும் முறையாகப் படித்தவர். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசையைப் பியானோவுக்குச் சுருக்கி அவரே எழுதி வாசித்துப் பார்ப்பார், அதனால் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்பது அவருக்கு மனப்பாடம். உங்களுக்கு நொட்டேஷன், அதாவது இசையை எழுதும் குறிகள், படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடத்துக்கு மிகாத ஒரு துண்டை எடுத்து, அசையாமல் உட்கார்ந்து பலமுறை கேளுங்கள். பிறகு தாளில் குறியுங்கள்: எங்கே ஒரு இசை வாக்கியம் முடிகிறது, எது திரும்ப வருகிறது, எங்கே அமைதி, எத்தனை எண்ணிக்கை. மெட்டு ஏறும்போதெல்லாம் கையைத் தூக்குவது, முழக்கம் வந்தால் குதிப்பது, இதெல்லாம் இசையை அப்படியே நகல் எடுப்பது. பார்ப்பவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அடியில் ஓடும் தாளத்தைக் கால்களுக்குக் கொடுத்து, மெட்டை ஒரே ஒருவரின் கைக்கு விட்டுப் பாருங்கள், அதே இசை வேறு மாதிரி கேட்கும்.

அடுத்தது ஆட்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1933இல் அமெரிக்கக் கலைப் புரவலர் லிங்கன் கிர்ஸ்டைன் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தபோது முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்றார் பாலன்சின். 1934 ஜனவரியில் நியூயார்க்கில் பள்ளி திறந்தது. சில வாரங்களிலேயே, சாய்க்கோவ்ஸ்கியின் இசைக்கு அந்த மாணவிகளை வைத்து ‘செரினேட்’ அமைக்கத் தொடங்கினார். முதல் நாள் வந்தது 17 பெண்கள், சமமாகப் பிரிக்க முடியாத எண்ணிக்கை, அதையே கோணலாக நிற்கும் அழகான வரிசையாக்கினார். அடுத்த நாள் 9 பேர், இன்னொரு நாள் 6 பேர். அன்றன்றைக்கு வந்தவர்களுக்கே அன்றைய பகுதி. ஒரு பெண் தாமதமாக ஓடிவந்தாள், இன்னொருத்தி கீழே விழுந்தாள், இரண்டும் நடனத்துக்குள் போய்விட்டன. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடப்படும் ஒரு படைப்பு இப்படித்தான் உருவானது.

ஆகவே ‘எல்லோரும் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். வந்திருப்பவர்களைச் சும்மா நடக்கச் சொல்லி, யார் வேகமாகத் திரும்புகிறார்கள், யாருக்குக் குதிப்பில் உயரம் வருகிறது, யார் நின்றாலே கண் அங்கே போகிறது என்று பாருங்கள். இசை உங்களுக்குள் நன்றாக இறங்கியிருந்தால் ஸ்டெப்பை அவர்கள் முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். ஒன்றை ஆடிக் காட்டுங்கள். அவர் உடம்பில் அது சரியாக வரவில்லை என்றால் அவரைத் திட்டாமல் ஸ்டெப்பை மாற்றுங்கள். வெறும் கையோடு போகப் பயமாக இருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவில் பாலே அமைத்த பெட்டிபா செய்தது போல வீட்டில் மேசைமேல் சின்ன பொம்மைகளை நகர்த்தி, யார் எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் வெட்டுவது. 1928இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ‘அப்போலோ’ அமைத்தபோதுதான், எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டியதில்லை, நீக்கலாம் என்ற துணிவு வந்ததாகப் பாலன்சினே சொல்லியிருக்கிறார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு, 1979இல், அதன் தொடக்கத்திலிருந்த, அப்போலோ பிறக்கும் காட்சியையே எடுத்துவிட்டார். உடையிலும் இதே புத்திதான்: 1957இல் வந்த ‘ஏகான்’ படைப்பில் 12 பேரும் ஒத்திகை உடையிலேயே ஆடினார்கள். உடைக்குக் காசில்லை என்று வருந்துகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. நீண்ட கால், ஒல்லியான உடம்பு என்ற அவருடைய ரசனை பாலே உலகத்தில் சட்டம் போலப் பரவியது, அதனால் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட நடனக்காரர்கள் அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். உங்கள் ஒத்திகையில் யாருடைய எடையைப் பற்றியும் பேச்சே வரக் கூடாது.

தொழில் என்று பார்த்தால், பள்ளி தொடங்கி 1948இல் அவருடைய நடனக்குழுவான நியூயார்க் சிட்டி பாலே நிலைபெறும் வரை 14 வருடம். அதற்கிடையில் பிராட்வே இசை நாடகங்கள், ஹாலிவுட் படங்கள், 1942இல் ஒரு சர்க்கஸுக்காக யானைகளுக்கு நடனம் (அதற்கும் இசை ஸ்ட்ராவின்ஸ்கிதான்!) என்று வந்த வேலையை எல்லாம் செய்தார். பள்ளி ஆண்டு விழா, நாடகக்குழு, விளம்பரம், எது வந்தாலும் எடுங்கள். குறித்த தேதிக்குள் முடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். முடித்ததும் முழு மேடையும் தெரியும்படி, கேமராவை அசைக்காமல் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், எண்ணிக்கைகளையும் எழுதி வையுங்கள். பாலன்சின் தன் படைப்புகளைத் தனித்தனி ஆட்களுக்கு உயிலில் எழுதிவைத்து 1983இல் காலமானார்; இன்று அவற்றை எந்தக் குழு ஆட வேண்டுமானாலும் அதற்கான அறக்கட்டளையிடம் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் அனுப்பும் ஆள் வந்துதான் கற்றுக்கொடுப்பார். நீங்களும் யாருக்காவது நடனம் அமைத்துக் கொடுக்கும்போது, எத்தனை முறை ஆடலாம், உரிமை யாருக்கு என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.