லிபரல், கன்சர்வேட்டிவ்: கிளாஸ்ல சொல்லித்தர நான் பண்ற வழி

லிபரல், கன்சர்வேட்டிவ்ங்குற ரெண்டு அரசியல் பார்வையப் பத்தின பாடத்த முதல் தடவை எடுக்கப் போறவங்களுக்காக எழுதுறேன். வழக்கமா என்ன நடக்கும்னா போர்டு நடுவுல ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் லிபரல் அந்தப் பக்கம் கன்சர்வேட்டிவ்னு எழுதி, வரி, மதம், குடியேற்றம்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வச்சிடுவோம், நானும் முதல் வருஷம் அதையேதான் பண்ணேன், எல்லாரும் மார்க் வாங்கிட்டாங்க ஆனா அவங்க ஏன் அப்படி நினைக்கிறாங்கன்னு கேட்டா ஒருத்தனும் வாய் திறக்கல.

ஸ்டெப் 1: வார்த்தைய சுத்தம் பண்ணுங்க

கன்சர்வேட்டிவ்வ தமிழ்ல பழமைவாதின்னு சொன்னாலே பாதி திட்டுற மாதிரிதான் இருக்கு. லிபரலிசத்துக்கு தமிழ்ல தாராளவாதம், அப்படின்னா காச தாராளமா செலவழிக்கிறதுன்னு ஒரு பையன் எழுதியிருந்தான், பாவம் அவனும் என்ன பண்ணுவான். அதனால முதல் ரெண்டு பீரியட் லிபரல், கன்சர்வேட்டிவ்னே சொல்லுங்க, தமிழ்ச் சொல்ல அப்புறம் கொண்டு வாங்க.

ஸ்டெப் 2: 1789க்கு கூட்டிட்டுப் போங்க

பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல தேசிய சபைல ராஜா பக்கம் நின்னவங்க தலைவருக்கு வலது பக்கமும் எதிர்த்தவங்க இடது பக்கமும் உட்கார்ந்தாங்க, வலதுசாரி இடதுசாரிங்குற பேச்சே அங்கருந்துதான். இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்.

நேரம் எடுக்க வேண்டியது கன்சர்வேட்டிவ் பக்கத்து எட்மண்ட் பர்க்குக்கு. பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இருந்த ஆளு, அமெரிக்கக் குடியேற்றங்களோட குறைகளுக்கு ஆதரவா பேசினவரு, அவரே 1790ல பிரெஞ்சுப் புரட்சிய எதிர்த்து எழுதினாரு. ஏன்? தலைமுறை தலைமுறையா உருவான அமைப்ப ஒரு தலைமுறை தன் மூளைய மட்டும் நம்பி இடிச்சுத் தள்ளக்கூடாது, ரிப்பேர் பண்ணிப் பண்ணி காப்பாத்தணும்ங்குறதுதான் அவர் வாதம். மாற்றமே வேணாம்னு அவர் சொல்லவே இல்ல, இத பசங்க நோட்ல எழுதிக்கட்டும்.

அந்தப் பக்கம் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், 1859ல அவர் எழுதினது இதான்: அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாத வரைக்கும் ஒருத்தன கட்டாயப்படுத்த அரசுக்கும் உரிமை இல்ல ஊருக்கும் உரிமை இல்ல. இதுதான் லிபரல் வீட்டோட அஸ்திவாரம்.

ஸ்டெப் 3: பக்கத்துல இருக்குற விஷயத்த எடுங்க

நேரா தேர்தலுக்குப் போனா சண்டைதான். நான் எடுக்குறது, ஸ்கூலுக்கு போன் கொண்டு வரக்கூடாதுங்குற ரூல். லிபரல் முதல்ல கேக்குறது: "நான் போன் வச்சிருந்தா யாருக்கு என்ன கெடுதல்?" கன்சர்வேட்டிவ் முதல்ல கேக்குறது: "இந்த ரூல் எதுக்கு வந்துச்சு, எடுத்துட்டா என்ன உடையும்?" ரெண்டுமே நியாயமான கேள்விதான், பசங்களும் இங்கதான் நிமிர்ந்து உட்காருவாங்க.

ஸ்டெப் 4: இப்ப கொஞ்சம் குழப்புங்க

ஆஸ்திரேலியால 1944ல ஆரம்பிச்ச லிபரல் கட்சி வலது பக்கம். அமெரிக்கால ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933ல நியூ டீல்ங்குற அரசு நிவாரண, வேலைவாய்ப்புத் திட்டங்கள கொண்டு வந்ததுலருந்து லிபரல்னா அரசு இறங்கி வேலை செய்யணும்னு சொல்றவங்க. ஜெர்மனில 1883லயே தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு கொண்டு வந்தது அந்த நாட்டு சான்ஸ்லர் (அரசாங்கத் தலைவர்) பிஸ்மார்க், அக்மார்க் கன்சர்வேட்டிவ்! சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளி போயிடக்கூடாதுன்னுதான் பண்ணாரு, அதாவது காப்பாத்துறதுக்காக மாத்தினாரு, பர்க்க இங்க திரும்ப ஞாபகப்படுத்துங்க.

ஸ்டெப் 5: எதிர்ப்பக்கத்துக்காக எழுத வைங்க

தனக்குப் பிடிக்காத பக்கத்துக்கு ஒரு பக்கம் எழுதணும். ஒரு பொண்ணு போன் ரூல் பத்தி "பெரியவங்களுக்கு புதுசுன்னாலே பயம்"னு ஆரம்பிச்சா, திருப்பிக் குடுத்துட்டேன், ஏன்னா எந்த கன்சர்வேட்டிவ்வும் தன்ன பத்தி அப்படி சொல்ல மாட்டாரு. ரெண்டாவது தடவை "இடைவேளைல பசங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசுறது இந்த ரூலாலதான் மிச்சமிருக்கு"ன்னு எழுதிட்டு வந்தா. மார்க் போடுறது நீங்க இல்ல, அந்தக் கருத்து உள்ள பையன். "ஆமா, நான் சொல்றது இதான்"னு அவன் ஒத்துக்கிட்டா ஃபுல் மார்க்.

கிளாஸ் மொத்தமும் ஒரே பக்கமா இருந்தா இன்னொரு பக்கத்த நீங்களே எடுத்துக்கங்க. அப்புறம், "சார் நீங்க எந்தப் பக்கம்"னு கண்டிப்பா கேப்பாங்க, பேப்பர் திருத்தி முடிக்கிற வரைக்கும் சொல்லிடாதீங்க, சொன்னா அத்தன பேப்பரும் உங்க பக்கமே சாஞ்சு வரும்.