ஏலத்தில் எடுத்த ராணுவ லாரிக்குக் காப்பீடு கிடைத்த விதம்

ராணுவ ஏலத்தில் எடுத்துத் தண்ணீர்த் தொட்டி பொருத்திய என் ஸ்டாலியன் லாரிக்கு, மூன்றாம் நபர் காப்பீடுகூடக் கிடைக்காமல் மூன்று வாரங்கள் வீணாயின. தொட்டிதான் தடை என்றெண்ணி, அதன் படங்களையும் பட்டறை ரசீதையும் பல நிறுவனங்களுக்கு அனுப்பியும் பயனில்லை. உண்மையான தடை வேறு: சரக்கு வாகனத்திற்கான மூன்றாம் நபர் கட்டணம் மொத்த எடையை, அதாவது சரக்கோடு சேர்த்து வாகனத்திற்கு அனுமதிக்கப்பட்ட எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது. விற்பனைக் கடிதத்தில் காலி எடை மட்டுமே இருந்ததால், என் பதிவுச் சான்றிதழில் மொத்த எடைக்கான கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. தயாரிப்பாளரின் எடை விவரத்தாளோடும் எடைமேடைச் சீட்டோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி தொட்டி பொருத்திய பாடி மாற்றத்தையும் மொத்த எடையோடு சேர்த்துப் பதிவுசெய்ய விண்ணப்பித்தேன். ஆய்வின்போது சேசிஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பச்சைப் பெயின்டைச் சுரண்டிய பிறகே தெரிந்தன. முன்கூட்டியே சுரண்டி வைப்பது நல்லது. திருத்திய சான்றிதழைக் காட்டிய அன்றே பாலிசி கைக்கு வந்தது, பெரும் நிம்மதி.